ஹெட் ஆபீஸைக் கீழே இறக்கும் முன்: நீலகிரிக் கம்பெனிகளுக்கு ஒரு வழிகாட்டி

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் நடக்கும் ஒரு கம்பெனி கொஞ்சம் வளர்ந்தால் போதும், கீழேயிருந்து அழைப்பு வர ஆரம்பித்துவிடும். கோவையில் இடம் தருகிறோம் என்பார் ஒருவர். மைசூருக்கு வந்தால் மானியம் என்பார் இன்னொருவர். பாலக்காடு கஞ்சிக்கோட்டில் ஷெட் தயார், சாவி வாங்கிக்கொண்டால் போதும் என்று மூன்றாவதாக ஒரு போன் வரும். மூன்று சலுகைத் தாளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு யோசிக்கும் முதலாளிக்காக இதை எழுதியிருக்கிறோம். நாற்பது பேர் வேலை பார்க்கும் ஒரு டீ பேக்கிங் பிரைவேட் லிமிடெட் கம்பெனியை உதாரணமாக எடுத்திருக்கிறோம். சாக்லேட், தைலம் என்று வேறு தொழிலானாலும் கணக்கு பெரிதாக மாறாது.

தாளைப் பிரிக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனி வருமான வரி மத்திய அரசுக்குப் போவது. குன்னூரிலும் மைசூரிலும் கொச்சியிலும் விகிதம் ஒன்றுதான். ஹெட் ஆபீஸ் போர்டைக் கழற்றி வேறு மாநிலத்தில் மாட்டுவதால் அதில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. "இங்கே வந்தால் வரி மிச்சம்" என்று சொல்பவரிடம், எந்த வரி என்று கேட்டுவிடுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

எதை மாற்றப் போகிறீர்கள்?

ஹெட் ஆபீஸ் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று சமாச்சாரம் கலந்திருக்கிறது. முதலாவது, கம்பெனிச் சட்டப்படி உள்ள பதிவு அலுவலகம். நோட்டீஸ், சம்மன் எல்லாம் வந்து சேரும் முகவரி. இரண்டாவது, முதலாளியும் கணக்குப் பிரிவும் விற்பனைப் பிரிவும் உட்காரும் இடம். மூன்றாவது, சரக்கு தயாராகும் அல்லது பேக் ஆகும் இடம். மூன்றும் ஒரே கட்டடத்தில் இருந்து பழகியதால், போனால் மூன்றும் சேர்ந்துதான் போக வேண்டும் என்று நினைக்கிறோம். சட்டத்தில் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

அரசுகள் தரும் சலுகை பெரும்பாலும் மூன்றாவதற்குத்தான்: புதிய இயந்திரம், புதிய வேலைவாய்ப்பு. இரண்டாவதற்குக் கொஞ்சம் கிடைக்கலாம். முதலாவதற்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் அலைச்சல் அதிகம் முதலாவதை மாற்றுவதில்தான். அதனால் எங்கள் யோசனை இது: பேக்கிங்கும் விற்பனையும் எங்கே லாபமோ அங்கே போகட்டும். பதிவு அலுவலகத்தைக் கடைசியாகப் பாருங்கள், அதுவும் அவசியம் இருந்தால். குன்னூரில் ஒரு அறை, வெளியே பெயர்ப் பலகை, தபாலை வாங்கி வைக்க ஒரு ஆள் இருந்தால் சட்டத்துக்குப் போதும். கணக்குப் புத்தகங்களை வேறு ஊரில் வைக்க டைரக்டர்கள் போர்டில் தீர்மானம் போட்டு, ஏழு நாளுக்குள் ஏஓசி-5 படிவத்தில் ஆர்ஓசிக்கு, அதாவது கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவித்துவிடலாம். போர்டு மீட்டிங் எங்கே வேண்டுமானாலும் நடக்கும். ஆண்டுப் பொதுக்கூட்டம் மட்டும் பதிவு அலுவலகம் உள்ள ஊரில்தான் நடக்க வேண்டும். பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனியானால், பங்குதாரர் எல்லோரும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதித்தால் அதையும் இந்தியாவில் எங்கும் வைத்துக்கொள்ளலாம்.

டீ ஃபேக்டரி வைத்திருப்பவருக்கு இந்தப் பிரிப்பு இன்னும் எளிது. பறித்த பச்சைத் தேயிலை சில மணி நேரத்தில் வாடல் தொட்டிக்குப் போயாக வேண்டும்; ஃபேக்டரி மலையை விட்டு நகராது. நகரக்கூடியது பிளெண்டிங், பேக்கிங், குடோன், அலுவலகம். அதிலும் கொச்சிப் பக்கம் குடோன் எடுப்பவர் ஈரப்பதத்தைக் கணக்கில் வையுங்கள். டீத்தூள் ஈரத்தை உறிஞ்சும். திறந்த மூட்டையைக் கடலோரக் காற்றில் விட்டால் வாசனையும் போகும், பதமும் போகும். துறைமுகம் பக்கத்தில் இருக்கும் லாபத்தில் ஒரு பங்கை ஈர நீக்கிக்கும் மின்கட்டணத்துக்கும் ஒதுக்க வேண்டியிருக்கும்.

மலையை விட்டு இறங்க நியாயமான காரணமும் உண்டு, மறுக்கவில்லை. இருக்கும் ஷெட்டின் மேல் இன்னொரு மாடி ஏற்ற நினைத்தால், மலைப்பகுதிக் கட்டட விதியில் உயர வரம்பு 7 மீட்டர். பல கிராமங்களில் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். இடம் போதாமல் தவிக்கும் கம்பெனிக்குக் கீழே போவதைத் தவிர வழியில்லாமல் போகலாம். சலுகை கிடைக்கிறது என்பதற்காகப் போவது வேறு கதை.

சலுகைத் தாளைப் படிக்கும் விதம்

தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையை ஒரு பேப்பரால் மூடிவிட்டு, அதன் கீழே உள்ளதைப் படியுங்கள்.

எஸ்ஜிஎஸ்டியை (மாநில ஜிஎஸ்டி) திருப்பித் தரும் சலுகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். திருப்பித் தரப்படுவது, அந்த மாநிலத்துக்குள் விற்ற சரக்குக்கு, உள்ளீட்டு வரி (பொருள் வாங்கும்போதே கட்டிய ஜிஎஸ்டி) கழித்த பின் நீங்கள் பணமாகக் கட்டிய மாநில வரி. மைசூரில் பேக் செய்து மும்பைக்கு விற்றால் போவது ஐஜிஎஸ்டி, மாநிலம் தாண்டிய விற்பனைக்கான வரி. அதில் எஸ்ஜிஎஸ்டி என்ற வரியே இல்லை. ஏற்றுமதியானால் பூஜ்ய வரி. உங்கள் விற்பனையில் எத்தனை சதவீதம் அந்த மாநிலத்துக்குள் என்று கடந்த 12 மாதப் பில்லை எடுத்துப் பாருங்கள். நீலகிரி டீ பெரும்பாலும் வெளியூருக்குப் போவது. கர்நாடகத்துக்குள் 10 சதவீதம்தான் விற்கிறீர்கள் என்றால், அந்தச் சலுகையை அந்த அளவுக்கே மதிப்பிடுங்கள்.

மூலதன மானியத்துக்குக் கணக்கில் வருவது புதிய இயந்திரம். குன்னூரிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் பழைய பேக்கிங் மெஷின் பொதுவாகத் தகுதி பெறாது. "இடம் மாற்றும் யூனிட்" என்று விண்ணப்பத்தில் எழுதினாலே புதிய யூனிட்டுக்கான சலுகை கிடைக்காமல் போகும் திட்டங்களும் உண்டு. அதற்காகப் பொய் எழுதச் சொல்லவில்லை. இது புதிய யூனிட்டா, விரிவாக்கமா, இடமாற்றமா, எந்த வகையில் ஏற்பீர்கள் என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சம்பள மானியம் என்றால் புதிதாகச் சேர்க்கும் ஆட்களுக்கு. ஏற்கெனவே பிஎஃப் எண் ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் குன்னூர் ஊழியர்கள் அதில் சேர்வார்களா, உள்ளூர்க்காரர் இத்தனை சதவீதம் என்ற நிபந்தனை உண்டா என்று பாருங்கள். முத்திரைத்தாள் விலக்கு நிலம் வாங்கினால்தான் பயன்படும். வட்டி மானியம் புதிய டேர்ம் லோன் எடுத்தால்தான். வாடகை ஷெட்டில், சொந்தப் பணத்தில் தொழில் நடத்துபவருக்கு இவை இரண்டும் தாளில் உள்ள வெறும் வரிகள்.

நிலம் தருகிறோம் என்றால் எப்படித் தருகிறார்கள் என்று கேளுங்கள். சிப்காட் மனை 99 வருடக் குத்தகை. அதைப் பின்னால் கைமாற்ற அவர்கள் அனுமதி வேண்டும். குறித்த காலத்துக்குள் உற்பத்தி தொடங்காவிட்டால் ஒதுக்கீட்டைத் திரும்பப் பெற அவர்களுக்கு உரிமை உண்டு.

இனி தேதி. பல திட்டங்களில் முதலீடு தொடங்கும் முன்பே விண்ணப்பம் போட வேண்டும். முன்பணம் கொடுத்து மெஷினுக்கு ஆர்டர் போட்டுவிட்டு, மெஷின் வந்த பிறகு மானிய அலுவலகத்துக்குப் போகிறவர்களுக்கு அந்த மெஷின் கணக்கில் வராமலே போய்விடுகிறது. முதலீட்டாளர் மாநாட்டு மேடையில் கையெழுத்தாகும் புரிந்துணர்வு ஒப்பந்தமும் பணம் தரும் உத்தரவும் ஒன்றல்ல. கையில் இருக்க வேண்டியது அரசாணை எண், உங்கள் கம்பெனி பெயருக்கு வந்த அனுமதிக் கடிதம், எத்தனை தவணையில் எப்போது பட்டுவாடா என்ற விவரம். தமிழ்நாட்டுச் சலுகைக்கு மாவட்டத் தொழில் மையம், கர்நாடகத்துக்குக் கர்நாடக உத்யோக் மித்ரா, கேரளத்துக்குக் கேஎஸ்ஐடிசி என்று நேராகப் போய்க் கேளுங்கள். நடுவில் கமிஷன் கேட்கும் ஆள் தேவையில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

தாளில் இருப்பது: 2 கோடி ரூபாய் இயந்திரத்துக்கு 25 சதவீத மானியம், அதாவது 50 லட்சம். அந்த 2 கோடியில் 80 லட்சம் குன்னூரிலிருந்து கொண்டுபோகும் பழைய மெஷினின் மதிப்பு. அதைக் கழித்தால் 1.20 கோடி; மானியம் 30 லட்சம். அது உடனே வராது. இரண்டு, மூன்று, நான்காம் வருட முடிவில் 10 லட்சமாக வருகிறது என்று வையுங்கள். வங்கிக்கு 11 சதவீத வட்டி கட்டுபவருக்கு அந்த 30 லட்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் 22 லட்சம். தவணை தாமதமானால் இன்னும் குறையும்.

இப்போது எதிர்ப் பக்கம். அலுவலக ஊழியர் 12 பேர் குன்னூரில் சொந்த வீட்டிலோ குறைந்த வாடகையிலோ இருக்கிறார்கள். கோவைக்கு வரச் சொன்னால் வாடகைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சேர்த்து ஆளுக்கு மாதம் 8,000 ரூபாய் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்றால், வருடத்துக்கு 11.52 லட்சம். இரண்டு வருடத்தில் 22 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இரண்டு இடத்து வாடகை, லாரிக் கூலி, அச்சடித்த பழைய கவர், புதிய ஆளைப் பழக்கும் செலவு எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

மூன்று ஊருக்கும் இதே கணக்கைத் தனித்தனியாகப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் மானியமே வராவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வரி எழுதுங்கள். மானியம் இல்லாமலும் லாபம் தரும் ஊர் எது என்று பாருங்கள். அந்த ஊரோடு மட்டும் பேச்சைத் தொடருங்கள். இந்தக் கணக்கில் மேட்டுப்பாளையம், காரமடைப் பக்கம் பல கம்பெனிகளுக்குச் சரியாக வருகிறது. சலுகைத் தாள் எதுவும் இல்லாத இடம்தான். ஆனால் குன்னூர் ஊழியர் வீட்டை மாற்றாமலே வேனில் வந்து போகலாம், மாநிலமும் மாறாது.

ஊழியர்களிடம் எப்போது சொல்வது?

முடிவானதும், சாமான் கட்டும் முன். மலையில் செய்தி தேநீர்க் கடை வழியாகத்தான் பரவும். நீங்கள் சொல்லாவிட்டால் வேறு யாராவது கூட்டிச் சொல்வார்கள். பேசும் முன் நியமன உத்தரவை எடுத்துப் பாருங்கள். கம்பெனியின் வேறு இடத்துக்கு மாற்றலாம் என்ற வரி அதில் இல்லையென்றால், வா என்று கட்டாயப்படுத்துவது தொழில் தகராறில் போய் முடியும். வர முடியாதவருக்கு ஐந்து வருடம் முடிந்திருந்தால் கிராஜுவிட்டி, மீதி விடுப்புப் பணம் எல்லாவற்றையும் கணக்கிட்டுத் தனியாக எடுத்து வையுங்கள். வேறு மாநிலத்துக்குப் பதிவு அலுவலகத்தை மாற்றுவதானால், இதனால் யாரையும் ஆள்குறைப்புச் செய்ய மாட்டோம் என்று உறுதிமொழிப் பத்திரமே தாக்கல் செய்ய வேண்டும். அதைக் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் ஆளைக் குறைத்தால் சிக்கல் உங்கள் தலையில்தான் விடியும்.

பதிவு அலுவலகத்தையும் மாற்றுவதென்றால்

எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்து வேலை கூடும்.

குன்னூருக்குள்ளேயே வேறு தெருவுக்கு என்றால் போர்டு தீர்மானம் போதும். 30 நாளுக்குள் ஐஎன்சி-22 (முகவரி மாற்றப் படிவம்) தாக்கல். குன்னூரிலிருந்து கோவைக்கு என்றால் பங்குதாரர் கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் வேண்டும். எதிர்த்து விழும் ஓட்டுகளைப் போல மூன்று மடங்காவது ஆதரவு வேண்டும், கூட்டத்துக்கு 21 நாள் நோட்டீஸ். பிறகு எம்ஜிடி-14 (தீர்மானத்தைத் தாக்கல் செய்யும் படிவம்), ஐஎன்சி-22. நீலகிரியும் கோவை ஆர்ஓசியின் கீழ்தான் வருகிறது என்பதால் இதோடு முடிந்தது. சென்னைக்கு என்றால் ஆர்ஓசி மாறுகிறது; ஐஎன்சி-23 விண்ணப்பம் போட்டு ரீஜினல் டைரக்டர் (ஆர்ஓசிக்கு மேலே உள்ள மத்திய அரசு மண்டல அதிகாரி) அனுமதி வாங்க வேண்டும்.

மைசூருக்கோ கஞ்சிக்கோட்டுக்கோ என்றால் வேலை பெரிது, கம்பெனியின் அடிப்படை ஆவணமான மெமோராண்டமே திருத்தப்படுகிறது. சிறப்புத் தீர்மானம் முடிந்ததும் கடன் கொடுத்தோர் பட்டியல் தயாரிக்க வேண்டும். அந்தப் பட்டியல், ரீஜினல் டைரக்டருக்குப் போடும் விண்ணப்பத் தேதிக்கு ஒரு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. ஐஎன்சி-26 மாதிரியில் விளம்பரம்: மாவட்டத்தில் விற்கும் தமிழ் நாளிதழ் ஒன்று, மாநிலத்தில் பரவலாகப் போகும் ஆங்கில நாளிதழ் ஒன்று. விளம்பரம் வந்த 30 நாளுக்குள் விண்ணப்பம் போட்டாக வேண்டும். விளம்பரத்தை முதலில் கொடுத்துவிட்டுப் பட்டியலுக்கு ஆடிட்டர் பின்னால் அலைபவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். நாள் கடந்தால் விளம்பரச் செலவு மறுபடி. பட்டியலும் பிரமாணப் பத்திரமும் கையில் வந்த பிறகே நாளிதழுக்குப் போன் செய்யுங்கள்.

கடன் கொடுத்த ஒவ்வொருவருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போகும். மாநிலத் தலைமைச் செயலாளருக்கும் விண்ணப்ப நகல் அனுப்ப வேண்டும். கேஷ் கிரெடிட் தந்த வங்கியிடம் முன்பே பேசி ஆட்சேபமில்லாக் கடிதம் வாங்கி இணையுங்கள். வங்கி ஒரு வரி ஆட்சேபம் எழுதினால் எல்லாம் நிற்கும். கம்பெனிமேல் சட்ட விசாரணையோ வழக்கோ இருந்தால் அதை முடித்துவிட்டு வாருங்கள். விண்ணப்பத்தை முடிவு செய்யச் சட்டம் தரும் காலம் 60 நாள். குறையைக் கேட்டுத் திருப்பி அனுப்பினால் இழுக்கும். உத்தரவு வந்த 30 நாளுக்குள் ஐஎன்சி-28, பிறகு ஐஎன்சி-22. கம்பெனி எண்ணில் ஏழாவது எட்டாவது எழுத்தாக இருக்கும் மாநிலக் குறி மாறிப் புதிய சான்றிதழ் வரும். லெட்டர்ஹெட், பில், முத்திரை எல்லாம் அதன் பிறகு அடிக்க வேண்டியவை.

ஐஎன்சி-22க்கு வாடகை ஒப்பந்தம், கட்டட உரிமையாளர் சம்மதக் கடிதம், இரண்டு மாதத்துக்கு மேல் பழசாகாத மின்கட்டண ரசீது, அலுவலகத்தின் வெளிப்புறமும் உட்புறமும் தெரியும் படம் வேண்டும். படத்தில் ஒரு டைரக்டராவது இருக்க வேண்டும். வெளியே பெயர்ப் பலகை இல்லாமல் படம் எடுத்து அனுப்பித் திரும்பி வந்தவை ஏராளம். பலகை அந்த ஊர் மொழியிலும் இருக்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். கர்நாடகத்தில் பலகையின் 60 சதவீதம் கன்னடத்தில் இருக்க வேண்டும் என்பது 2024 முதல் அந்த மாநிலச் சட்டம்.

ஜிஎஸ்டி: பணம் சிக்கிக்கொள்ளும் இடம்

தமிழ்நாட்டுக்குள் என்றால் முகவரித் திருத்தம் மட்டும், 15 நாளுக்குள். மாநிலம் மாறினால் 33ல் தொடங்கும் எண் அங்கே செல்லாது. கர்நாடகத்துக்கு 29, கேரளத்துக்கு 32 என்று புதிய பதிவு எடுக்க வேண்டும். பான் எண் ஒன்றே என்பதால் உள்ளீட்டு வரி கிரெடிட் தானாகப் போய்விடும் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டு லெட்ஜரில் தேங்கிய உள்ளீட்டு வரியை அப்படியே கர்நாடக எண்ணுக்கு மாற்ற வழியில்லை.

வழி இது: குடோனில் இருக்கும் டீயையும் பேக்கிங் பொருளையும் உங்கள் புதிய எண்ணுக்கு வரிப் பில் போட்டு அனுப்புங்கள். ஒரே கம்பெனியானாலும் இரு மாநிலப் பதிவு இருவேறு நபராகக் கருதப்படும், பணம் கைமாறாவிட்டாலும் அது சப்ளைதான். அந்த ஐஜிஎஸ்டியைத் தேங்கிக் கிடக்கும் கிரெடிட்டிலிருந்தே கட்டலாம். புதிய எண்ணில் அது கிரெடிட்டாக ஏறும். மெஷினுக்கும் பில் உண்டு. எடுத்த கிரெடிட்டில் காலாண்டுக்கு 5 சதவீதம் கழித்த மீதி, அல்லது பில் மதிப்புக்கான வரி, இதில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். சரக்கைக் காலி செய்யும் முன் பழைய எண்ணை ரத்து செய்தால், கையிருப்புக்கு எடுத்த கிரெடிட்டைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

ஃபேக்டரி குன்னூரிலும் ஹெட் ஆபீஸ் மைசூரிலும் என்று பிரிந்தால் இன்னொரு பதிவும் சேரும். ஆடிட்டர் ஃபீஸ், சாஃப்ட்வேர், விளம்பரம் போல இரு இடத்துக்கும் பொதுவான சேவைக்கு வரும் கிரெடிட்டைப் பிரித்துக் கொடுக்க, 2025 ஏப்ரல் 1 முதல் ஐஎஸ்டி பதிவு கட்டாயம். மாதம் 13ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-6 ரிட்டர்ன். சலுகைத் தாள் தந்தவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

உரிமமும் கவரும்

உணவுப் பொருள் உரிமம் கட்டடத்துக்குத் தருவது. புதிய பேக்கிங் இடத்துக்குப் புதிதாக எடுக்க வேண்டும். இரண்டு மாநிலத்தில் இடம் இருந்தால் ஹெட் ஆபீஸுக்கு மத்திய உரிமமும் உண்டு. பேக்கர் முகவரியும் உரிம எண்ணும் கவரில் அச்சாகியிருப்பதால், மிஞ்சிய கவர் வீண். லேமினேட் கவர் ரோலை ஆறு மாதத்துக்குச் சேர்த்து ஆர்டர் போடும் பழக்கம் இருந்தால், முடிவெடுத்த அன்றே நிறுத்துங்கள். உத்யம் (சிறுதொழில் பதிவு), ஏற்றுமதிக்கான ஐஇசி எண், டீ போர்டு உரிமம், பிஎஃப், இஎஸ்ஐ எல்லாவற்றிலும் முகவரி மாற்றம் போட வேண்டும். சின்ன வேலைதான், ஒன்றை விட்டால் இன்னொன்று நிற்கும்.

லாரி ஏற்றும் மாதம்

ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் நல்லது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், பனியில் இலை வரத்தும் குறைந்திருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் எப்போது மண் சரியும் என்று சொல்ல முடியாது. கோத்தகிரி வழி திறந்திருந்தால் அதிர்ஷ்டம். ஏப்ரல், மே சீசனில் லாரி ஊர்வதற்கே நாள் போய்விடும். கீழேயிருந்து பேக்கர்ஸ் வண்டி வருவதானால் நீலகிரிக்குள் நுழைய வேண்டிய இ-பாஸ் பற்றி முதல் நாளே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். 2024 மே 7 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

மைசூர் லாரியைக் கூடலூர் வழியே அனுப்புங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவு பாரவண்டிக்கு ஆகாது. பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை. பகல் 12 மணிக்குள் குன்னூரில் ஏற்றி முடிக்காத வண்டியை மறுநாளுக்குத் தள்ளுவது உத்தமம். இல்லையென்றால் கக்கநள்ளா சோதனைச் சாவடியில் லோடோடு இரவு முழுக்க நிற்கும். சரக்கோடு போகும் ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும் என்பதால், வண்டி நின்றால் அதையும் நீட்டிக்க வேண்டும். வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தச் சரக்குக்கும் இ-வே பில் வேண்டும், பழைய மெஷினுக்கும் சேர்த்துத்தான்.

வளைவில் சாமான் ஒரே பக்கம் சாயும். கனமான மெஷினை லாரியின் முன்பக்கம், கேபினை ஒட்டிக் கட்டுங்கள். எடை பார்க்கும் தலைப்பகுதியைக் கழற்றித் தனிப் பெட்டியில், காரில் கொண்டுபோங்கள். அது அதிர்ந்தால் புதிய இடத்தில் 100 கிராம் பாக்கெட் 97 கிராமாக விழும். முதல் வாரமே எடையளவுத் துறையின் நோட்டீஸ் வரும்.

புதிய எண்ணில் பில்லை ஏப்ரல் 1 அன்று தொடங்கினால் பில் வரிசை, கணக்கு, ஆடிட் எல்லாம் வருடக் கணக்கோடு ஒத்துப்போகும். பழைய ஜிஎஸ்டி எண்ணுக்கு ரத்து விண்ணப்பம், பிறகு மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதி ரிட்டர்ன். குன்னூர் அறையை உடனே காலி செய்யாதீர்கள். ஆறு மாதமாவது தபால் அங்கேதான் வரும், மின்வாரிய டெபாசிட்டைத் திரும்ப வாங்கவும் அந்த முகவரியில் ஒரு ஆள் வேண்டும்.